அருப்புக்கோட்டைக்கு வந்த கடல் தண்ணீர்

கருவித் தர ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறவனிடம் கடலைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். இதைக் கேள்விப்பட்ட என் பக்கத்து வீட்டுக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார். "இங்க குழாயில தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சு, ஒங்களுக்குக் கடல் கேக்குதாக்கும்" என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். கல்லூரிக்குப் போகும்வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்துவிடவில்லை. கரையோரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் பழகிப்போயிருக்கும். எனக்கு அது பழகவே இல்லை. கடைசி வரை சந்தேகத்தோடுதான் அதை அளந்தேன். நம் வேலைக்கு அந்தச் சந்தேகம் ரொம்ப நல்லது.

கருவியை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. விதிப்புத்தகம் கையில் இருக்கும், அதன்படி எல்லாமே சரியாக இருக்கும், ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வராது. அப்படி ஒரு நாள் உங்கள் எல்லோருக்கும் வரும். எனக்கு அது சொந்த ஊரிலேயே வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அரசாங்கம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. கடலில் மிதக்கவிடும் மிதவைகளில் பொருத்தும் கருவிகளை முடிந்தவரை நம் நாட்டுப் பட்டறைகளிலேயே வாங்க வேண்டும் என்றது. நல்ல கொள்கை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதற்காக அலைந்தவர்களில் எங்கள் இயக்குநரும் ஒருவர். பெயர் வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்வார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் அவரோடு கப்பலில் போயிருக்கிறேன். நடுக்கடலில் ஒரு மிதவையின் வெளிநாட்டுக் கருவி வாயடைத்துப் போய்க் கிடந்தது. உதிரி பாகம் கேட்டு எழுதினால் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் புயல் பருவம் வந்து போய்விடும். அன்றைக்கு அவர் கப்பல் தளத்தில் நின்றபடி, "நம்ம கடலை நாம அளக்கறதுக்கு இன்னொருத்தன்கிட்ட கையேந்தி நிக்கறோமேப்பா" என்றார். அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை. கொள்கை வந்த அன்று அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார்.

அந்தக் கொள்கையின்படி முதலில் ஆர்டர் கிடைத்த பட்டறைகளில் ஒன்று அருப்புக்கோட்டையில் இருந்தது. நம்ப மாட்டீர்கள். தறிக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த பட்டறை அது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது, பட்டறைக்குச் சொந்தக்காரர்களான, வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர் குடும்பத்துப் பெண் சாவித்திரி அதை எடுத்து நடத்த ஆரம்பித்தார். மின்னணுப் படிப்பு படித்தவர். நாற்பது வயதிருக்கும். தண்ணீர் புகாத எஃகுக் கூடு கடைவதில் அவருடைய ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. கடல் நீரின் உப்பையும் சூட்டையும் அளக்கும் கருவியை ரொம்ப காலம் முட்டிமோதி அவரே உருவாக்கினார். பட்டறையில் அதற்குப் பெயர் 'உப்பு மிஷினு'. தேறினால் பட்டறைக்கு வாழ்வு, தேறாவிட்டால் பூட்டுத்தான் என்பது அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். காரணம், ஒருமுறை நிராகரிக்கப்பட்ட பட்டறை சில வருஷங்களுக்கு மறுபடி ஆர்டர் கேட்கவே முடியாது என்று விதி.

ஆய்வுக்கு என்னை அனுப்பினார்கள். ஊர்க்காரன் என்பதால் அல்ல. அந்த வெயிலுக்கு வேறு யாரும் வர மாட்டேன் என்றார்கள். மாசி மாதம்தான், இருந்தாலும் அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது.

சாவித்திரி வாசலிலேயே வந்து வரவேற்றார். "நம்ம பக்கத்து ஆளையே அனுப்பிருக்காகன்னு கேள்விப்பட்டேன் சார். மனசுக்குத் தெம்பா இருக்கு" என்றார். நான் சிரித்து வைத்தேன். ஊர்க்காரன் என்று சொன்ன மறுநிமிஷமே நாம் உஷாராகிவிட வேண்டும், தம்பிகளே. ஒன்று நம்மிடம் சலுகை எதிர்பார்ப்பார்கள். இல்லையென்றால் சலுகை காட்டவில்லை என்று நிரூபிப்பதற்காக நாமே தேவைக்கு மேல் முறைப்போம். இரண்டும் தப்பு.

விதிப்படியான சோதனை லேசானது. உப்பு அளவு தெரிந்த மூன்று நீர்க் கரைசல்களில் கருவியை முக்க வேண்டும், காட்டும் எண் வரம்புக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இருபதுக்கு மேல் கருவிகள். ஒவ்வொன்றாக முக்கினேன். எல்லாம் வரம்புக்குள் வந்தன. வரம்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நட்டநடுவில் வந்து நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர்ப்பாசம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மறைப்பானேன்.

கடைசியாக, டார்ச் அடித்து ஒவ்வொரு கருவியின் கண்ணாடிக் குழாய்க்குள்ளும் பார்த்தேன். இது விதியில் இல்லை, என் பழக்கம். அந்தக் குழாய்க்குள் பிளாட்டின வளையங்கள் இருக்கும். கடல் நீர் குழாய் வழியே போகும்போது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அந்த வளையங்கள் பார்க்கும், அதிலிருந்து உப்பைக் கணக்கிடுவோம். வளையங்களின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு ஒன்று இருக்க வேண்டும். விரல் பட்டாலே உரிந்துவிடும் பூச்சு. ஆனால் கருவி மாதக்கணக்கில் கடலுக்குள் கிடந்து உண்மை பேசுவது அந்தப் பூச்சால்தான்.

முதல் குழாயில் வளையங்கள் பளபளவென்று வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னின. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். ஓரமாக வைத்திருந்த நான்கு கருவிகளில் மட்டும் வளையம் கன்னங்கரேல் என்று இருந்தது.

நான் அந்த நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு சாவித்திரிக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சுக்கோங்க சார். அந்த நாலும் மட்டும் அழுக்காத் தங்கிருச்சு. சிவராத்திரிக்குப் பேச்சியம்மா குலசாமி கும்பிடப் போயிட்டாக. அவுக இல்லாத நேரத்துல முடிஞ்ச மிஷினுக. இந்தா, இப்பவே கழுவச் சொல்றேன். பேச்சியம்மா!"

கருவிகளைக் கழுவித் துடைக்கும் பேச்சியம்மாள் கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். அதில் புளிக் கரைசல். பக்கத்தில் பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சி.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கடைசல் இயந்திரமே நின்றுவிட்டது.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாளி, குடம், குழாய், எது மேல் பட்டுக் காய்ந்தாலும் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். பாத்திரத்தில் வெள்ளை கண்டால் இங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள், கை தானாகப் புளிக்குப் போகும். பட்டறையில், தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கக் கருவிகளைச் சிமெண்டுத் தொட்டியில் அந்தத் தண்ணீரில்தான் ஊறப்போட்டிருக்கிறார்கள். எடுத்துக் காய வைத்தால் குழாய்க்குள் வெள்ளை. பேச்சியம்மாள் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். வெள்ளையோடு கறுப்பும் கண்ணில் பட்டிருக்கிறது. கருத்தானவர். அதையும் விடாமல் தேய்த்து எடுத்துவிட்டார்.

"கறுப்பா இருந்தா அழுக்குன்னுதானய்யா நெனைப்போம்? நானாவும் செய்யலயே. கறை இருக்கக் கூடாதுன்னு கவருமெண்டு பேப்பர்லயே போட்டிருக்குன்னு சாவித்திரி அக்கா வாசிச்சுக் காட்டுனாக" என்றார்.

சாவித்திரி ஆர்டரோடு வந்த நிபந்தனைத் தாளை எடுத்து நீட்டினார். 'நீர்படும் பரப்புகள் அனைத்தும் கறையோ படிவோ இன்றித் தூய்மையாக இருத்தல் வேண்டும்.' எங்கள் அலுவலகம் எழுதியதுதான். எஃகுக் கூட்டை மனத்தில் வைத்து யாரோ எழுதிய வரி. கண்ணாடிக் குழாயும் நீர்படும் பரப்புதான் என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டறைக்கும் அந்தக் கறுப்பின் அருமை முழுசாகத் தெரியாது. பூச்சுப் போட்ட வளையங்களை வெளியே வாங்கித்தான் பொருத்தினார்கள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். தேய்த்த பிறகுதான் கருவிகளுக்கு அளவு சரிபார்த்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு எல்லாம் சரியாகக் காட்டும். கடலில் போட்டுச் சில வாரம் போனால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஒரேயடியாகக் கெட்டுப்போன கருவியைக் கண்டுபிடித்துவிடலாம். மெல்ல மெல்லப் பொய் சொல்லும் கருவியை யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள். விதி கேட்பதோ இன்றைய எண்ணை மட்டும்தான்.

இயக்குநருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மூணு கரைசல்லயும் சரியாக் காட்டுதா?"

"காட்டுது சார்."

"கறை இல்லாம இருக்கா?"

"அதுதான் சார் பிரச்சினையே."

"விதிப்படி அது பிரச்சினை இல்லை. இங்க பாருப்பா. நீ நிராகரிச்சா ஒரு பட்டறை மட்டும் போகாது. 'அப்பவே சொன்னோமே, நம்ம ஆளுங்களுக்கு இது வராது'ன்னு சொல்றதுக்கு இங்க ஒரு கூட்டமே காத்துக்கிட்டிருக்கு. மறுபடியும் வெளிநாட்டுக்காரன் வாசல்ல போய் நிக்கணும். மார்ச் முடிஞ்சா பண ஒதுக்கீடும் போயிடும். கையெழுத்துப் போட்டுட்டு வா. அடுத்த தொகுதில திருத்திக்கலாம்."

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். நான் மதித்த மனிதர், நான் நம்பிய கொள்கை, அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். உங்களுக்கும் நெருக்கடி பெரும்பாலும் இப்படி நல்லவர்களிடமிருந்துதான் வரும். மேஜையைத் தட்டி மிரட்டுகிறவர்களை லேசாகச் சமாளித்துவிடலாம்.

கையெழுத்துப் போட்டால் கடல் பொய் சொல்லும். நிராகரித்தால், எங்கள் வரியை நம்பிப் புளி போட்டுத் தேய்த்தவர்களின் பிழைப்பு போகும். படிவத்தில் ஏற்பு, நிராகரிப்பு என்று இரண்டே கட்டம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒரு டீ குடித்துக்கொண்டே விதிப்புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். பின்பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. 'தேவையெனக் கருதினால் ஆய்வாளர் கூடுதல் சோதனை மேற்கொள்ளலாம்.' எத்தனை நாள், எந்தத் தண்ணீர் என்று எதுவும் சொல்லவில்லை. விதியைப் படிக்கும்போது, அது உங்களைத் தடுக்கும் இடங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உங்களை நம்பிச் சும்மா விட்டிருக்கும் இடங்களையும் தேடிப் பாருங்கள்.

"நிஜக் கடல் தண்ணில மார்ச் கடைசி வரைக்கும் ஊறப்போட்டுப் பாப்போம்" என்றேன்.

சாவித்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடல் தண்ணிக்கு எங்க சார் போறது?"

"கடலுக்குத்தான்."

ஊரில் குடிதண்ணீர் வண்டி ஓட்டும் முருகேசனைப் பிடித்தோம். குடம் கணக்கில் நல்ல தண்ணீர் விற்கிறவர். முதலில் ஒரேயடியாக மறுத்தார். "என் டேங்குல கடல் தண்ணிய ஊத்துனா நாளைக்கு எவன் சார் என்கிட்ட வாங்கிக் குடிப்பான்?" நியாயமான கேள்வி. டேங்கை இறக்கிவிட்டு, பட்டறையிலிருந்த புது பிளாஸ்டிக் டேங்குகளை வண்டியில் ஏற்றினோம். சாவித்திரியும் நானும் கூடவே போனோம். சாயல்குடி தாண்டி மூக்கையூர்க் கடற்கரையில் மோட்டார் போட்டு நிரப்பிக்கொண்டு திரும்பினோம். பரளச்சிக்குள் நுழையும்போது டயர் பஞ்சர்.

முருகேசன் வண்டி அந்த ஊருக்கெல்லாம் பழக்கமான வண்டி. நின்றதுதான் தாமதம், குடங்கள் வரிசை கட்டிவிட்டன. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு அம்மா டேங்குக் குழாயைத் திருகி ஒரு கை பிடித்துக் குடித்துவிட்டார். அடுத்த நொடி தூவென்று துப்பினார்.

"ஏலே முருகேசா, என்னலே இப்படிக் கரிக்குது?"

"அத்தை, அது கடல் தண்ணி. சொல்றதுக்குள்ள வாயில ஊத்திக்கிட்டா நான் என்ன செய்ய?"

"கடல் தண்ணியா! போருல வர்ற உப்பு பத்தாதுன்னு கடலையே கொண்டாந்துட்டியாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "இத வெச்சு என்னய்யா செய்யப்போறீக?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "கடலுக்குள்ள மிஷினு மிதக்க விட்டு, உப்பு எம்புட்டு, சூடு எம்புட்டுன்னு பாப்போம்மா. புயல் எப்படி வலுக்கும், மழை எங்கிட்டுப் பெய்யும்னு கணிக்கிறவுகளுக்கு அது வேணும். அந்த மிஷினச் சோதிக்கத்தான் இந்தத் தண்ணி."

"அப்ப செல்லுல மழைன்னு போட்டு, அத நம்பி நாங்க வெதச்சு, ஒரு சொட்டும் விழாமப் போகுதே. அது ஒங்க மிஷினு பாத்த வேலைதானா?"

கணிப்பு பிசகுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அதையெல்லாம் விளக்கியிருக்கலாம். முருகேசனுக்கு டயர் பிடிக்கப் போய்விட்டேன். டயர் மாட்டி முடியும்வரை சாவித்திரி கரிசல்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டறைத் தொட்டியைக் கழுவிக் கடல் தண்ணீரை நிரப்பினோம். தேய்த்த கருவிகளில் பாதியையும், தேய்க்காத நான்கையும், சென்னையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த ஒப்பீட்டுக் கருவியையும் ஒன்றாக முக்கினோம். அதன் பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை. காத்திருப்பதும் வேலைதான் என்று மேலதிகாரிகளுக்குப் புரியவைப்பதுதான் நம் தொழிலில் ரொம்பக் கஷ்டம்.

முதல் வாரத்தில் எல்லாம் ஒன்றுபோலக் காட்டின. வெயில் மட்டும் தண்ணீரை உறிஞ்சியது. தார்ப்பாய் போட்டு மூடியும் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது.

"தண்ணி வத்துனா உப்பு கூடும்ல சார்? அப்புறம் இந்தச் சோதனை எப்படிச் செல்லும்?" என்று சாவித்திரி மடக்கினார்.

"கூடட்டும். எல்லா மிஷினும் ஒரே தொட்டியிலதான கெடக்கு? உப்பு எம்புட்டுங்கிறது நமக்கு வேண்டாம். எது எதோட சேந்து போகுது, எது பிரியுதுன்னு மட்டும் பாருங்க."

அதற்குப் பிறகு அவரே தினம் வந்து எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாவது வாரம் நடுவில் தேய்த்த கருவிகள் பிரியத் தொடங்கின. வரம்புக்குள்தான், ஆனால் எல்லாம் ஒரே பக்கமாக. தேய்க்காத நான்கும் ஒப்பீட்டுக் கருவியை விட்டு அசையவில்லை. நான் எதுவுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னோடு வாதாடியிருப்பார். தொட்டியோடு வாதாட வழியில்லை.

பேச்சியம்மாள்தான் பாவம், சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். ஒருநாள் மத்தியானம் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு, "என் கையாலயே கெடுத்துட்டேனேய்யா" என்று அழுதார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர் மேல் அல்ல. "எழுதுனவுக நாங்க. நீங்க எழுதுனபடி செஞ்சீக. அழ வேண்டியது எங்க ஆபீசு. நீங்க சாப்பிடுங்க" என்றேன். சென்னையில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிற ஒவ்வொரு வரியையும் எங்கோ ஒருவர் வெள்ளந்தியாக அப்படியே செய்து முடிக்கிறார். நாளை நீங்கள் விதி எழுதும் இடத்துக்கு வரும்போது பேச்சியம்மாளின் தூக்குவாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாசக் கடைசி நெருங்கியது. இயக்குநர் தினம் போன் செய்தார். முதலில் பொறுமையாக, பிறகு பொறுமை இல்லாமல். "உன்னை அங்க அனுப்பினதே தப்பு" என்றுகூடச் சொன்னார். வலித்தது. ஆனாலும் நான் பயப்படவில்லை. என் கையில் தொட்டி நிறைய ஆதாரம் இருந்தது.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சாவித்திரியை உட்காரவைத்துப் பேசினேன். "ஒண்ணு சொல்லிடுறேன். சோதனை நடந்த அன்னைக்கு உங்க பொருள் விதிப்படி தேறிடுச்சு. கூடுதல் சோதனையிலயும் இன்னும் வரம்பைத் தாண்டல. நீங்க கையெழுத்துக் கேட்டா நான் போட்டுத்தான் ஆகணும். கூடவே இந்தத் தொட்டியில பாத்ததையும் எழுதி வைப்பேன். அதை யாரும் படிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

"நான் கேக்கலன்னா?"

"முடிவு எழுதுறதுக்கு முன்னால நீங்களே பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டா அது நிராகரிப்பு இல்லை. மறுபடி ஆர்டர் கேக்கலாம். ஆனா இந்த வருஷம் ஆர்டர் போச்சு."

அவர் தொட்டி ஓரம் போய் நின்றார். பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து இயக்குநர் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கையெழுத்து ஆச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் சாவித்திரி வந்து போனை வாங்கிக்கொண்டார். "சார், பட்டறையிலருந்து சாவித்திரி பேசுறேன். பொருளை நானே திரும்ப எடுத்துக்கிறேன்."

"ஏம்மா? விதி உங்க பக்கம்தானே இருக்கு?"

"விதி என் பக்கந்தான் சார் இருக்கு. மிஷினு இல்ல. ஒவ்வொண்ணு அடியிலயும் அருப்புக்கோட்டைன்னு பொறிச்சிருக்கோம். அந்தப் பேரோட கடலுக்குள்ள கெடந்து அது பொய் சொல்ல வேண்டாம்."

இயக்குநர் போனை வைத்துவிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனசு கேட்காது உங்களுக்கு. இயக்குநர் என்னோடு சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. அந்தக் கறை வரியை அவரே அடித்தார். கருவிகள் கடல் நீரில் ஊறிய பிறகே ஏற்பு, ஊறும் காலத்தில் சிறு பட்டறைகள் தாக்குப்பிடிக்க முன்பணம் என்று புது விதி எழுதவைத்தார். இப்போது நீங்கள் படிக்கும் விதிப்புத்தகத்தில் இருப்பது அதுதான். சாவித்திரி ஒரு வருஷம் போர் மோட்டாருக்குப் பாகம் கடைந்து பட்டறையை ஓட்டினார். வளையங்களுக்குப் புதுப் பூச்சுப் போட்டு மறுபடி போட்டியில் நின்றார், தேறினார். வங்கக் கடலில் இன்றைக்கும் சில மிதவைகளில் அருப்புக்கோட்டைக் கருவிதான். நாட்டுக் கொள்கை நல்ல கருவியை உண்டாக்குமா என்று யாராவது உங்களிடம் கேட்டால், உண்டாக்கும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். நல்ல கருவிக்கு இடம் கொடுக்கிற விதியாக இருக்க வேண்டும், அதை இடையில் திருத்தவும் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலம் சாவித்திரி ஸ்கூட்டரில் என்னை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் போகாமல் கீழேயே நின்றார்.

"நீங்க ரிஜெக்ட்டுன்னு எழுதியிருந்தா, ஒங்கள நாலு வார்த்தை திட்டிட்டுப் போய்ப் படுத்திருப்பேன் சார். இப்ப யாரைத் திட்டுறதுன்னே தெரியல" என்றார். கண் கலங்கியிருந்தது.

"என்னையே திட்டுங்க. அதுக்கும் சேத்துத்தான் எனக்குச் சம்பளம் தர்றாக" என்றேன்.

ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் நிஜமாகவே ஆரம்பித்துவிட்டார். வீட்டில் பேசும் கன்னடத்தில், மூச்சு விடாமல், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. டிரைவர் வண்டியை எடுக்கும்வரை ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.